சந்தைப்படுத்தல் களஞ்சியத்துக்கு எழுதும் விதிகள்: 5 ஆண்டுப் பழக்கத்தில் கண்டவை

2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்து, கேரள எல்லையிலுள்ள களியக்காவிளை வழியான போக்குவரத்து நின்றபோது, எங்கள் வீட்டுத் திண்ணையில் தேன் நிரம்பிய கேன்கள் வரிசையாக நின்றன. கன்னியாகுமரி மாவட்டத்தில் எங்கள் மார்த்தாண்டம் பக்கத்தில் தேன் பெருகுவது மாசி, பங்குனியில்தான். அந்தத் தேனில் பெரும்பகுதி எல்லைக்கு அப்பால், கேரளத்துப் பாறசாலை, நெய்யாற்றின்கரைக் கடைகளுக்குப் போவது வழக்கம். அந்த ஆண்டு போகவில்லை. போனிலும் இணையத்திலும் விற்றாக வேண்டிய நிலையில்தான் சந்தைப்படுத்தல் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் போன இடத்தில் எழுதுகிறவனாகவும் ஆனேன்.

நான் எழுதுவது தன்னார்வலர்கள் நடத்தும் ஓர் இணையக் களஞ்சியத்தில். சந்தைப்படுத்தல் கலைச்சொற்கள், கோட்பாடுகள், சட்டங்கள் ஆகியவற்றுக்குத் தனித்தனிக் கட்டுரைகள் உண்டு. தமிழ்ப் பிரிவும் உண்டு. அதன் பங்களிப்பு விதிகளோடு 5 ஆண்டுகள் பழகிவிட்டேன். அவற்றில் எது பயன் தந்தது, எது இன்றும் உறுத்துகிறது என்று சொல்லவே இதை எழுதுகிறேன். இதே மாதிரியான விதிகள் பல களஞ்சியங்களுக்கும் பொதுவானவை என்பதால் பெயர் முக்கியமில்லை.

முதல் கட்டுரையே திரும்பி வந்தது. பொருள், விலை, இடம், விற்பனை ஊக்கம் என்ற நான்கையும் சேர்த்து ஆங்கிலத்தில் நான்கு 'பி' என்பார்கள். அதை வகுத்தவர் பிலிப் கோட்லர் என்று எழுதியிருந்தேன். பத்து இடங்களில் அப்படித்தான் படித்திருந்தேன். கட்டுரைகளைச் சரிபார்த்து ஏற்கும் பார்வையாசிரியர் கேட்டது ஒரே கேள்வி: "முதலில் அச்சான இடம் எது?" தேடினேன். அந்த நான்கு பகுப்பை 1960இல் பாடநூலில் வைத்தவர் ஜெரோம் மெக்கார்த்தி. கோட்லரின் புகழ்பெற்ற பாடநூல் வந்தது 1967இல்; உலகமெங்கும் அதைக் கொண்டுசேர்த்த பெருமை அவருக்கு உண்டு, வகுத்த பெருமை இல்லை. இப்படிப் பல அம்சங்களைக் கலந்து விற்பதைக் குறிக்கும் 'மார்க்கெட்டிங் மிக்ஸ்' என்ற சொல்லைப் பரப்பியவர் நீல் போர்டன். வணிக நிர்வாகியைப் பல பொருள்களைக் கலக்கிறவராக ஜேம்ஸ் கல்லிட்டன் 1948இல் விவரித்திருந்ததிலிருந்து அந்த எண்ணம் தனக்கு வந்ததாகப் போர்டனே 1964இல் எழுதியிருக்கிறார். யாரிடமிருந்து எடுத்தேன் என்று அவர் சொல்லிவிட்டுப் போயிருப்பதைப் படித்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. அன்று முதல் 'முதலில் எங்கே' என்று கேட்காமல் நான் ஒரு வரியும் எழுதுவதில்லை.

இந்த விதியால் வீட்டுச் சுவரும் மாறியது. வாடிக்கையாளர்தான் நம் இடத்துக்கு வரும் மிக முக்கியமான விருந்தினர், அவர் நம்மை நம்பி இல்லை, நாம்தான் அவரை நம்பி இருக்கிறோம் என்ற வாசகம் காந்தி பெயரோடு எத்தனை கடைகளில், வங்கிகளில் தொங்குகிறது! 1890இல் தென்னாப்பிரிக்காவில் பேசியது என்று சில இடங்களில் ஆண்டும் போட்டிருப்பார்கள். 1890இல் காந்தி லண்டனில் சட்டம் படித்துக்கொண்டிருந்தார். தென்னாப்பிரிக்காவில் அவர் கால் வைத்தது 1893இல். இதை 'வாடிக்கையாளர் சேவை' கட்டுரையில் எழுதிய அன்று மாலை, எங்கள் கடையில் அப்பா மாட்டியிருந்த சட்டகத்தைக் கழற்றி, காந்தியின் பெயர் இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைத் தாள் ஒட்டினேன். அப்பா பார்த்துவிட்டு, "வாசகம் நல்லதுதானே, அது இருக்கட்டும்" என்றார். இருக்கிறது.

இணைப்பு பற்றிய விதியைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். சொந்தக் கடைக்கோ வாடிக்கையாளர் நிறுவனத்துக்கோ கட்டுரையில் இணைப்பு வைக்கக் கூடாது. வைத்தாலும் பயன் இல்லை. வெளியே போகும் எல்லா இணைப்புக்கும், 'தரவரிசைக்கு இதைக் கணக்கில் எடுக்காதே' என்று தேடுபொறிக்குச் சொல்லும் 'நோஃபாலோ' குறி தானாகவே விழும். தேடுபொறி நிறுவனங்கள் 2005 ஜனவரியில் அறிமுகப்படுத்திய குறி அது. பணம் வாங்கி வைக்கும் இணைப்புக்கென்று 'ஸ்பான்சர்டு' என்ற தனிக் குறியை கூகுள் 2019 செப்டம்பரில் கொண்டுவந்தது. இணைப்புக்காக வந்தவர்கள் ஓரிரு மாதத்தில் போய்விட்டார்கள். விஷயத்துக்காக வந்தவர்கள் தங்கினார்கள். இதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

என்னை உண்மையாகவே மாற்றியது 'தெரிந்ததைச் சொல், எப்படித் தெரியும் என்றும் சொல்' என்ற விதிதான். தேன் விற்கிறவன் என்பதால் 'லேபிள் வாசகங்கள்' கட்டுரைக்கு ஓர் உதாரணம் எழுதச் சொன்னார்கள். எங்கள் புட்டி லேபிளையே எடுத்துக்கொண்டேன். அதில் செம்பருத்தி மாதிரி ஒரு பூப்படம். கீழே 'சுத்தமான மலர்த்தேன்' என்ற வரி. எப்படித் தெரியும் என்று எழுத உட்கார்ந்தபோது கை நின்றுவிட்டது. எங்கள் பெட்டிகள் இருப்பது ரப்பர் தோட்டத்தில். ரப்பர் மரம் இலையுதிர்த்து, புதுத்துளிர் விடும்போது, மூன்று சிற்றிலைகள் சேரும் இடத்தில், இலைக்காம்பின் நுனியில், சுரப்பிகள் இருக்கின்றன. தேனீ அங்கேதான் உறிஞ்சுகிறது. எங்கள் தேனில் பெரும்பகுதி பூவிலிருந்து வருவதே இல்லை. சின்ன வயதிலிருந்து அப்பாவோடு துளிர்களைத் தொட்டுப் பார்த்து, விரலை நக்கிப் பார்த்து வளர்ந்தவன் நான். எனக்குத் தெரியும். லேபிளுக்குத்தான் தெரியவில்லை.

லேபிளை மாற்றினோம். 'ரப்பர் துளிரிலிருந்து தேனீ எடுத்த தேன்' என்று எழுதி, இலைப்படம் போட்டோம். பாறசாலையில் ஒரு கடைக்காரச் சேட்டன், "ரப்பர் என்று போட்டால் ஆள்கள் பால் நாற்றத்தை நினைப்பார்கள், பழைய அட்டையையே ஒட்டிக் கொடுங்கள்" என்றார். கொடுக்கவில்லை. அந்தக் கடையில் ஒரு பருவம் முழுக்கக் குறைவாகத்தான் போனது. இன்றும் ரப்பர் என்ற சொல்லைப் பார்த்து வேண்டாம் என்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் தேன் உறைந்தால் 'சர்க்கரை கலந்துவிட்டாய்' என்று சண்டைக்கு வருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். ரப்பர் தேன் சீக்கிரம் உறையும் என்பதையும் அதே லேபிளில் எழுதியிருக்கிறோம்.

இன்னொரு வரியும் போனது. சிறுதேன், அதாவது கொடுக்கில்லாத சிறு தேனீயின் தேன், சர்க்கரை நோய்க்கு நல்லது என்று பழைய துண்டறிக்கையில் இருந்தது. யாரோ சொன்னது, நாங்கள் அச்சடித்தது. 1954ஆம் ஆண்டின் மருந்து மற்றும் மாய நிவாரணச் சட்டம் சர்க்கரை நோயைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதைத் தடுக்கிறது என்பதைக் களஞ்சியத்துக்காகப் படித்தபோதுதான் தெரிந்துகொண்டேன். மிச்சமிருந்த துண்டறிக்கைகள் அடுப்புக்குப் போயின.

சொந்த நலனை அறிவிக்கும் விதியை முதலில் நான் அவமானமாக எடுத்துக்கொண்டேன். கட்டுரையின் பின்பக்கத்தில், அதாவது கட்டுரையைப் பற்றிப் பேசிக்கொள்ளும் பக்கத்தில், 'நான் தேன் விற்கிறேன்' என்று எழுதச் சொன்னால், என்னைத் திருடன் என்கிறார்களோ என்று தோன்றியது. 2021இல் இந்திய விளம்பரத் தர மன்றம் சமூக ஊடகப் பிரபலங்களுக்கு வழிகாட்டுதல் வெளியிட்டது: பணமோ பொருளோ வாங்கிக்கொண்டு பேசினால் அதை விளம்பரம் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். 2022 ஜூனில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டுதலும் வந்தது. தவறான விளம்பரத்துக்கு 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் வரை அபராதம். திரும்பச் செய்தால் 50 லட்சம் வரை. நாடு முழுக்க விற்கிறவர்களிடம் கேட்கிற ஒன்றைத்தான் களஞ்சியம் என்னிடம் முன்பே கேட்டிருந்தது.

இனி மொழி. விதிகளில் எனக்கு மிகப் பிடித்ததும், நான் மிக அதிகமாகச் சண்டை போட்டதும் இங்கேதான். கலைச்சொல் தமிழில் இருக்க வேண்டும், வாசகருக்குப் புரியவும் வேண்டும் என்பது விதி. கடைக்கோ தளத்துக்கோ வந்தவர்களில் எத்தனை பேர் வாங்கினார்கள் என்று சொல்லும் 'கன்வெர்ஷன் ரேட்' என்பதை யாரோ 'மாற்று விகிதம்' ஆக்கியிருந்தார்கள். எங்கள் ஊரில் பாதி வீட்டில் ஒருவர் வளைகுடாவில் இருக்கிறார். மாற்று விகிதம் என்றால் திர்ஹாமுக்கு எத்தனை ரூபாய் என்றுதான் நினைப்பார்கள். 'மாற்றம்' என்ற சொல்லோடு 'மதம்' என்பது ஒட்டிக்கொண்டு நினைவுக்கு வருகிற ஊரும் இது. 'வந்தவர்களில் வாங்கியவர் விகிதம்' என்று நான் வைத்தேன். நீளம் என்றார்கள். நீளமாக இருந்தாலும் கடையில் இருக்கிறவருக்கு ஒரே மூச்சில் புரியும் என்று வாதாடினேன். 4 மாதம் கழித்து ஏற்றார்கள். 'கேம்பெயின்' என்பதற்குப் 'பிரச்சாரம்' என்றால் தேர்தல் வந்து நிற்கிறது. அங்கே 'விளம்பர இயக்கம்' நின்றது. 'லீட்' என்பதற்கு நான் தோற்றுப்போனேன். 'வாங்கக் கூடியவர்' என்றேன், 'வாய்ப்பு வாடிக்கையாளர்' என்று வைத்துவிட்டார்கள். இப்போதும் எனக்கு அதில் உடன்பாடில்லை.

உறுத்துவதைச் சொல்கிறேன். அச்சில் வந்த ஆதாரம் இல்லாததை எழுதக் கூடாது என்ற விதி நியாயமானதுதான். ஆனால் எங்கள் எல்லைப்புறத்து வணிகம் அச்சில் ஏறியதே இல்லை. நாங்கள் பெட்டி வைக்கும் ரப்பர் தோட்டக்காரருக்கு வாடகை கொடுப்பதில்லை. பருவம் முடிந்ததும் அவர் வீட்டுக்குத் தேன் கொடுக்கிறோம். எத்தனை புட்டி என்று யாரும் எழுதி வைப்பதில்லை. பாறசாலைக் கடைகளில் பணம் ஓணத்துக்குத்தான் வரும், கணக்கு இரு பக்கமும் வாயில்தான். விநியோக வழிகள் பற்றிய கட்டுரையில் இதை உதாரணமாக எழுதினேன். 'ஆதாரம் இல்லை' என்று வெட்டிவிட்டார்கள். சிகாகோவில் ஒரு பேராசிரியர் வந்து எங்களைப் பற்றி எழுதினால்தான் நாங்கள் செய்வது நிஜமாகுமா என்று கோபத்தோடு கேட்டேன். என்னைப் போலவே இன்னும் சிலர் எழுதிய பிறகு, 'கள அனுபவம்' என்ற தனிக் கட்டம் வந்தது. எழுதியவர் பெயரும் ஊரும் தேதியும் போட்டு, 80 சொல்லுக்குள் எழுதலாம். 80 சொல்லில் ஓணக் கணக்கு அடங்காது. ஆனாலும் எழுதியிருக்கிறேன்.

தாமதம் மற்றொரு குறை. தமிழ்ப் பிரிவில் பார்வையாசிரியர்கள் மிகச் சிலர். கட்டுரை இரண்டு மூன்று மாதம் காத்துக் கிடக்கும். 2022 கடைசியில் சாட்ஜிபிடி வந்த பிறகு இது கூடியது. பார்க்க அழகாக இருக்கும் தமிழில், இல்லாத ஆதாரங்களோடு கட்டுரைகள் குவிந்தன. அவற்றைச் சரிபார்ப்பதிலேயே அந்தச் சிலரின் நேரமும் போகிறது. எழுதுகிறவர் ஒவ்வொரு வரிக்கும் தானே பொறுப்பு என்று ஒரு வரியை விதியில் சேர்த்திருக்கிறார்கள். நல்ல வரி, காவல் காக்க ஆள்தான் வேண்டும்.

கடைசியாக நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். மார்த்தாண்டம் தேனுக்கு 2023இல் புவிசார் குறியீடு, அதாவது ஊர்ப் பெயரோடு சேர்ந்த பொருளுக்கான சட்டப் பாதுகாப்பு, கிடைத்தது. அது பற்றிய கட்டுரையை நான்தான் எழுத வேண்டும் என்று ஆசைப்பட்டேன். இங்கே தேனீ வளர்ப்பு 1920களில் கிராமப் புனரமைப்புப் பணியில் வேர் பிடித்ததையும், 1990களின் தொடக்கத்தில் நோய் வந்து கூடுகள் கூட்டம் கூட்டமாக அழிந்ததையும், அப்பா காலியான பெட்டிகளை அடுக்கி வைத்துவிட்டு ரப்பர் பால் வெட்டப் போனதையும் எழுத வேண்டும் என்று இருந்தது. விற்கிறவன் எழுதக் கூடாது என்றார்கள். வேறொருவர் எழுதினார். நன்றாகவே எழுதியிருந்தார், ஓர் இடம் தவிர: மார்த்தாண்டத்தில் தேன் விற்கும் யாரும் அந்த முத்திரையைப் போட்டுக்கொள்ளலாம் என்று இருந்தது. அப்படி இல்லை. 1999ஆம் ஆண்டுச் சட்டப்படி, குறியீட்டைப் பதிவு செய்த பிறகும், உற்பத்தி செய்கிற ஒவ்வொருவரும் அங்கீகரிக்கப்பட்ட பயனராகத் தனியே பதிய வேண்டும். கட்டுரையில் நான் கை வைக்க முடியாது என்பதால், நலனை அறிவித்து, சட்டப் பிரிவைக் காட்டி, பின்பக்கத்தில் குறிப்பு எழுதினேன். 19ஆம் நாள் திருத்தினார்கள்.

அந்தக் குறிப்பை எழுதிய அதே வாரம் எங்கள் விண்ணப்பத்துக்கான தாள்களையும் எடுத்து வைத்தேன். பதிவு முடியும்வரை எங்கள் புட்டியில் அந்த முத்திரை இருக்காது. லேபிளில் இப்போதைக்கு இலை மட்டும்தான்.