நூறு அடி டேப்பும் ஒரு நோட்டும்: ஏழு வருடமாகக் கிணற்றை அளந்த அனுபவம்

2018 சித்திரையில் காரைக்குடி ஹார்டுவேர் கடை ஒன்றில் நூறு அடி ஃபைபர் டேப்பு வாங்கினேன். கொத்தனார்கள் வைத்திருப்பார்களே, அதே டேப்புதான். அதன் நுனியில் சின்னப் பித்தளைக் கிண்ணம் ஒன்றைக் கவிழ்த்துக் கட்டினேன். கிணற்றுக்குள் இறக்கினால், கிண்ணம் தண்ணீரைத் தொட்டதும் ‘டொப்’ என்று சத்தம் வரும். அந்த இடத்தில் டேப்பைப் பிடித்துக்கொண்டு அளவைப் பார்த்து நோட்டில் எழுதுவேன். ஏழு வருடமாக, ஒவ்வொரு தமிழ் மாதம் பிறக்கிற அன்றும் காலையில் இதைச் செய்துவருகிறேன். சொட்டுநீர், கிணற்றுக்கு மழைநீர் விடும் குழி, நெல்வயலில் துளை போட்ட குழாய் என்று இத்தனை வருடத்தில் போட்டுப் பார்த்தவை பல. அத்தனையிலும் விலை குறைந்தது இந்த டேப்புதான். என் வெள்ளாமையை மாற்றியதும் இதுதான்.

எங்கள் நிலம் காரைக்குடியை அடுத்த புதுவயல் பக்கம், நாலு ஏக்கர். செட்டிநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. ஐப்பசி, கார்த்திகையில் பெய்வதைக் கண்மாயிலும் ஊருணியிலும் பிடித்து வைத்துத்தான் இந்தச் சீமை பிழைத்தது. நகரத்தார் வீடுகளில் நாலு பக்க ஓட்டுச் சரிவும் வளவு முற்றத்தில் இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள். மழை வந்தால் அங்கே அண்டாவும் கிடாரமும் வரிசையாக உட்காரும். வீட்டுக்குள் விழுந்த தண்ணீரைக்கூட வீணாக்காத ஊரில், நிலத்துக்கடியில் இருந்த தண்ணீருக்கு மட்டும் யாரும் கணக்கு வைக்கவில்லை. ஐயா காலத்தில் கமலை. மாடு களைத்தால் இறைப்பு நின்றுவிடும். மோட்டாருக்குக் களைப்பு கிடையாது.

2016-ல் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட 62 சதவீதம் குறைந்தது. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக அரசு அறிவித்தது. நாங்கள் கிணற்றை நம்பி ஒன்றரை ஏக்கர் நெல் நட்டிருந்தோம். பால் பிடிக்கும் நேரத்தில் மோட்டார் காற்றை இழுத்தது. மேல்பக்கத் தோட்டத்தில் போர்வெல் போட்டார்கள். அவர்களுக்கும் அப்போது அது ஒரு கோடைக்குத்தான் வந்தது. காய்ந்த நெல்லை மாட்டுக்கு அறுத்துப் போட்டபோது அப்பா கேட்டது ஒரே கேள்வி: “நடும்போது கிணத்துல எம்புட்டுத் தண்ணி இருந்துச்சுன்னு உனக்குத் தெரியுமா?” தெரியாது. எட்டிப் பார்த்து “இருக்கு” என்று சொல்லி நட்டிருந்தேன்.

அளப்பதில் முதல் வருடம் நிறையத் தப்பு செய்தேன். ஒருநாள் பழைய கமலை இருந்த பக்கமிருந்தும் மறுநாள் படிப்பக்கமிருந்தும் அளந்தேன். விளிம்பு சமமில்லாததால் அரை அடி வித்தியாசம் வந்தது. பிறகு விளிம்பில் சிவப்புப் பெயிண்டால் ஒரு கோடு போட்டேன். அளவு எப்போதும் அங்கேயிருந்துதான். மோட்டார் ஓடிய சூட்டோடு அளந்தால் அந்தக் கணக்குக்கு அர்த்தமில்லை. ஒரு ராத்திரியாவது கிணறு ஓய்ந்திருக்க வேண்டும். போர்வெல் வைத்திருப்பவர்கள் கயிற்றையோ டேப்பையோ அப்படியே உள்ளே விடாதீர்கள். மோட்டார் கேபிளில் சுற்றிக்கொண்டால் எடுப்பது பெரும்பாடு. மோட்டாரை வெளியே எடுக்கும்போதே பக்கத்தில் முக்கால் அங்குல பிவிசி குழாய் ஒன்றை இறக்கி வைத்துவிட்டால், அதன் வழியே அளக்கலாம்.

மாத அளவுகளில் இரண்டு முக்கியம். மழை முடிந்த தை அளவு, கோடை முற்றிய வைகாசி அளவு. மத்திய நிலத்தடி நீர் வாரியமும் ஜனவரி, கோடை, ஆகஸ்ட், நவம்பர் என்று வருடத்துக்கு நாலு முறை கிணறுகளை அளக்கிறது. ஆனால் அவர்கள் அளக்கும் கிணறு எங்கோ இருக்கும். என் கிணற்றின் நிலவரம் என் கிணற்றில்தான் தெரியும்.

அளவைவிட எனக்குப் பெரிய பாடம் சொன்னது ஒரு சின்னக் கணக்கு. எங்கள் கிணறு வட்டக் கிணறு, 20 அடி விட்டம். அதில் ஓர் அடி உயரத் தண்ணீர் என்பது சுமார் 8,900 லிட்டர். ஒரு ஏக்கர் நெல்வயலில் ஐந்து சென்டிமீட்டர் தண்ணீர் கட்ட இரண்டு லட்சம் லிட்டர் வேண்டும். அதாவது கிணற்றில் 22 அடிக்கு மேல். தை மாதத்தில் என் கிணற்றில் நிற்பதே 21 அடிதான்! முழுக்க இறைத்தாலும் ஒரு ஏக்கருக்கு ஒரு தடவை பாய்ச்ச முடியாது. பிறகு இத்தனை நாள் எப்படிப் பாய்ந்தது? ஊற்றால்தான். கண்ணுக்குத் தெரிகிற தண்ணீர் கொஞ்சம், பக்கவாட்டிலிருந்து ஊறி வருவதுதான் மிச்சமெல்லாம். அந்த ஊற்று என் வரப்போடு நிற்பதில்லை.

அதனால் இரண்டாவது அளவு ஒன்றையும் எழுதத் தொடங்கினேன். இரண்டு மணி நேரம் மோட்டார் ஓட்டி நிறுத்திவிட்டு, இறங்கிய தண்ணீர் பழைய மட்டத்துக்கு ஏற எவ்வளவு நேரம் ஆகிறது என்ற கணக்கு. தையில் ஒரே ராத்திரியில் ஏறிவிடும். வைகாசியில் இரண்டு ராத்திரி ஆகும். 2019-ல் பங்குனியிலேயே இரண்டு ராத்திரி ஆனபோது, கோடை எள்ளைப் பாதியாகக் குறைத்தேன். அந்த வருடம் விதைத்தது எதுவும் காயவில்லை.

அதே வருடம் சொட்டுநீர் போட்டேன். ஐந்து ஏக்கருக்கு உட்பட்ட சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீத மானியம், மற்றவர்களுக்கு 75 சதவீதம். கத்தரியும் மிளகாயும் ஒரு ஏக்கர். செடிக்கு வேண்டியது கிடைத்தது, களை குறைந்தது, ஆள்கூலி குறைந்தது. இதெல்லாம் உண்மை. குறைகளும் உண்டு. கோடையில் அணில் பக்கக் குழாயைக் கடித்துவிடும். அங்கங்கே மண்சட்டியில் தண்ணீர் வைத்த பிறகு அது ஓரளவு குறைந்தது. ஃபில்டரை வாரம் ஒருமுறை கழுவாவிட்டால் கடைசி வரிசைச் செடிகள் வாடும். எனக்குப் போட்டுக்கொடுத்த டீலர் ஒரு வருடத்துக்குப் பிறகு போனையே எடுக்கவில்லை. கனெக்டர் மாற்றுவதை நானே கற்றுக்கொண்டேன்.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. தண்ணீர் மிச்சமானதும் இன்னொரு ஏக்கரில் குழாயை நீட்டினேன். சொட்டுநீர் போட்டவர்கள் அநேகமாக எல்லாரும் இதைத்தான் செய்வார்கள். 2020 வைகாசியில் அளந்தபோது தண்ணீர் 41 அடிக்குக் கீழே போயிருந்தது. சொட்டுநீர் வருவதற்கு முன்பு அதே மாதத்தில் 38 அடி. செடிக்குக் கொடுத்ததை மிச்சம் பிடித்தேன், கிணற்றிலிருந்து எடுத்ததைக் கூட்டிவிட்டேன். வாய்க்காலில் பாய்ச்சியபோது வயலில் கசிந்ததில் ஒரு பங்காவது மண்ணுக்குள் திரும்பிப் போனது. இப்போது அதுவும் இல்லை. நோட்டு இல்லாதிருந்தால், நிலத்தடி நீரைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன் என்றே நம்பியிருப்பேன். அந்த இரண்டாவது ஏக்கரைப் பிறகு மானாவாரிக்கே விட்டுவிட்டேன். சொட்டுநீர் போடுகிறவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான்: முதலில் கிணற்றிலிருந்து இவ்வளவுதான் எடுப்பேன் என்று ஒரு கோடு போடுங்கள், அப்புறம் குழாய் போடுங்கள்.

மழைமானியும் வைத்திருக்கிறேன். முதலில் வாங்கிய பிளாஸ்டிக் மானி வெயிலில் இரண்டே வருடத்தில் வெடித்தது. தென்னை மரத்துக்குப் பக்கத்தில் வைத்ததும் தப்பு, மட்டை தடுத்துவிடும். இப்போது வெட்டவெளியில் கம்பத்தில் இருக்கிறது. வானிலைத் துறையின் வழக்கப்படி காலை எட்டரை மணிக்குப் பார்க்கிறேன். அவர்கள் கணக்கில் 2.5 மில்லிமீட்டராவது பெய்தால்தான் அது மழை நாள். நோட்டைப் புரட்டினால், மொத்த மழை பெரிதாகக் குறையாத வருடங்களிலும் மழை நாட்கள் குறைவாக இருப்பது தெரிகிறது. பத்து நாளில் நிதானமாகப் பெய்ய வேண்டியது ஒரே ராத்திரியில் கொட்டுகிறது. எங்கள் செம்மண் மேலே இறுகிவிட்டால் கொட்டுகிற மழையைக் குடிக்காது, வழித்துவிட்டுவிடும். ஒரே நாளில் 100 மில்லிமீட்டர் பெய்த மாதத்தில் கிணறு ஏறியதைவிட, அதே 100 எட்டு நாளில் பெய்த மாதத்தில் அதிகம் ஏறியிருக்கிறது. பருவநிலை மாற்றம் என்று படிக்கிறோமே, என் நோட்டில் அது இப்படித்தான் இருக்கிறது.

அந்தக் கொட்டுகிற மழையைப் பிடிக்கத்தான் கிணற்றோரம் குழி வெட்டினேன். ஆறடிக்கு ஆறடி, ஆறடி ஆழம். அடியில் கருங்கல், மேலே ஜல்லி, அதற்கு மேல் மணல், அடியிலிருந்து கிணற்றுக்கு ஒரு குழாய். முதல் மழையில் வண்டல் நேராக உள்ளே இறங்கிக் கிணறே செங்காவியானது. முன்னால் வண்டல் தங்க இன்னொரு சின்னத் தொட்டி கட்டிய பிறகுதான் சரியானது. ஒவ்வொரு புரட்டாசியிலும் மேல் மணலை அள்ளிக் கழுவிப் போட வேண்டும். உரமும் மருந்தும் அடித்த வயலின் தண்ணீரை இதில் விடக்கூடாது. குடிக்கிற கிணறாக இருந்தால் இதைச் செய்யவே வேண்டாம். பலன்? உண்டு, ஆனால் பக்கத்துக் கண்மாய் நிறைந்தால் வரும் பலனோடு ஒப்பிட்டால் இது ஒரு கைப்பிடி. தமிழகம் முழுக்க மழை மிக அதிகமாக இருந்த 2021-ல் கண்மாய் நிறைந்து கலுங்கு தாண்டியது. அடுத்த வைகாசி வரை கிணறு 30 அடிக்குக் கீழே இறங்கவே இல்லை. குழிக்குச் செலவழித்த பணத்தில் பாதியை, கண்மாய்க்குத் தண்ணீர் வரும் வரத்துக்காலில் இருந்த சீமைக்கருவேலத்தை வெட்டப் போட்டிருக்கலாம் என்று நினைக்கிறேன். இப்போது ஊராகச் சேர்ந்து வருடத்துக்கு ஒரு தடவை அதைச் செய்கிறோம்.

நெல்லை விட்டுவிடவில்லை. புதுவயல் அரிசி ஆலைகளின் சத்தத்தில் வளர்ந்தவனுக்கு அது முடியாது. ஆனால் கண்மாய்த் தண்ணீர் உள்ள சம்பாவோடு சரி, கிணற்றுத் தண்ணீரில் கோடை நெல் கிடையாது. ஒரு ஏக்கர் நெல்லுக்கு ஏறக்குறைய 1,200 மில்லிமீட்டர் தண்ணீர் வேண்டும், உளுந்துக்கு 280 போதும். ஒரு ஏக்கர் நெல் குடிப்பதில் நாலு ஏக்கர் உளுந்து விளையும். சம்பாவிலும் வயலில் துளை போட்ட பிவிசி குழாய் ஒன்றைப் புதைத்திருக்கிறேன். குழாய்க்குள் தண்ணீர் மண்மட்டத்திலிருந்து 15 சென்டிமீட்டர் இறங்கிய பிறகுதான் மறுபடி பாய்ச்சுவது. பூக்கும் சமயத்தில் மட்டும் தண்ணீர் நிற்க வேண்டும். முதல் வருடம் அப்பா ராத்திரியில் போய் மடையைத் திறந்துவிட்டார். வயல் வெடிப்பதைப் பார்க்க அவருக்கு மனசு கேட்கவில்லை. விளைச்சல் குறையவில்லை என்று களத்தில் பார்த்த பிறகுதான் விட்டார்.

ஆட்டோ ஸ்டார்ட்டரைக் கழற்றியதையும் சொல்ல வேண்டும். மும்முனை மின்சாரம் ராத்திரி எந்நேரம் வந்தாலும் மோட்டார் தானே ஓடும், நாம் தூங்கிக்கொண்டிருப்போம். விவசாய மின்சாரம் இலவசம் என்பதால் பில் வந்து யாரையும் உறுத்துவதில்லை. இலவச மின்சாரம் இல்லாமல் எங்களைப் போன்றவர்கள் விவசாயமே செய்திருக்க முடியாது, அதை நான் மறக்கவில்லை. ஆனாலும் எழுந்து போய்ப் போடுகிற சிரமம் ஒன்று இருந்தால்தான் வேண்டிய அளவோடு நிறுத்துகிறோம்.

இவ்வளவும் செய்து, நான் எடுக்காமல் விட்டதை மேல்பக்கத்து போர் எடுத்தால் என்ன செய்வது? ஒன்றுபட்ட ஆந்திரத்தில் வறட்சி மிகுந்த 7 மாவட்டங்களில் விவசாயிகளே கிணற்றையும் மழையையும் அளந்து, ஊர்க்கூட்டத்தில் தண்ணீர்க் கணக்குப் போட்டு, யாரையும் கட்டாயப்படுத்தாமல் பயிரை மாற்றினார்கள் என்று குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையத்துக்குப் போயிருந்தபோது பேச்சு வந்தது. அந்த வாரமே மேல்பக்கத்துச் சித்தப்பாவிடம் நோட்டைக் கொண்டுபோனேன். “ஏனப்பு, ஏங்கிணத்துத் தண்ணிக்கு நீ கணக்கு எழுதுறியா?” என்றார். நான் பேசவில்லை, டேப்பை அவர் கையில் கொடுத்தேன். அவர் போர் ஓடிய நாளில் என் கிணறும், என் மோட்டார் ஓடிய நாளில் அவர் கிணறும் இறங்குவதை ஒரு மாதம் அவரே அளந்து பார்த்தார். இப்போது ஐந்து கிணற்றுக்காரர்கள் அளக்கிறோம். பொங்கல் கழிந்த வாரம் உட்கார்ந்து, ஐந்து அளவையும் பார்த்துவிட்டுக் கோடைக்கு என்ன, எத்தனை ஏக்கர் என்று பேசுகிறோம்.

எல்லா வருடமும் பேச்சு முடிவுக்கு வருவதில்லை. இந்த வருடம் கண்மாய்க்கரையை ஒட்டி வெளியூர்க்காரர் ஒருவர் நிலம் வாங்கிப் புதிதாக போர் இறக்கியிருக்கிறார். எங்கள் ஐவரில் இருவருக்கு அதனால் கோபம். “அவர் இறைக்கும்போது நாம ஏன் விடணும்” என்கிறார்கள். அவர்கள் கேட்பதில் நியாயமில்லை என்று சொல்ல என்னால் முடியவில்லை. சித்தப்பாதான் அவரிடம் பேசிப் பார்க்கலாம் என்கிறார். போன ஞாயிற்றுக்கிழமை இன்னொரு நூறு அடி டேப்பு வாங்கி, கிண்ணம் கட்டி வைத்திருக்கிறேன். ஆடி பிறந்ததும் நானும் சித்தப்பாவுமாகப் போய் அவரிடம் கொடுப்பதாக இருக்கிறோம்.