எழுதுவது ஏஜென்ட், கையெழுத்து நம்முடையது: 14 மாத அனுபவம்

என் அப்பா பாளையங்கோட்டையில் பத்திர எழுத்தராக இருந்தவர். அதே வீட்டு மாடியில் உட்கார்ந்து நான், சொன்ன வேலையைத் தானே கருவிகளை அழைத்துச் செய்யும் செயற்கை நுண்ணறிவு ஏஜென்ட்களின் கருவிகளுக்குப் பயன்பாட்டுக் குறிப்பு எழுதுகிறேன். பிளாக்செயின் எனும் பொதுக் கணக்கேட்டில் ஏறும் பரிவர்த்தனைகளைத் தயாரித்துப் பயனரின் ஒப்புதலுக்கு நீட்டும் கருவிகள் அவை. 14 மாதங்களாக அவற்றைப் பற்றி எழுதியும் வருகிறேன், என் சிறு தொகைகளுக்குப் பயன்படுத்தியும் வருகிறேன்.

யுஎஸ்டிசி என்பது டாலர் மதிப்பையொட்டிய டிஜிட்டல் நாணயம். "இந்த முகவரிக்கு 25 யுஎஸ்டிசி போக வேண்டும்" என்று சொன்னால் ஏஜென்ட் கருவியை அழைக்கும். கருவி, கையொப்பமில்லாத பரிவர்த்தனையை உருவாக்கி நம் வாலட்டில், அதாவது டிஜிட்டல் பணப்பைச் செயலியில், கொண்டுவந்து நிறுத்தும். நாம் ஒப்புக்கொண்டால்தான் அது எத்தீரியம் என்ற பிளாக்செயினில் ஏறும். கையொப்பமிட உதவும் ரகசியத் திறவுகோல் ஏஜென்டின் கைக்குப் போவதேயில்லை. இந்த ஏற்பாட்டில் எனக்கு ஒரு குறையும் இல்லை. குறையெல்லாம் சொற்களில்தான், அதிலும் பாதி நான் எழுதிய சொற்களில்.

2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் வெளியிட்ட, ஏஜென்ட்களைக் கருவிகளோடு இணைக்கும் மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால் முறையில் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பெயர், ஒரு விளக்கம், உள்ளீடுகளின் வடிவம் உண்டு. விளக்கத்தைப் படித்துத்தான் எதை எப்போது அழைப்பது என்று ஏஜென்ட் முடிவு செய்கிறது. ஆக, நான் எழுதும் வரியை மனிதரும் படிக்கிறார், இயந்திரமும் படிக்கிறது. மனிதருக்குச் சந்தேகம் வந்தால் கேட்பார். இயந்திரம் துணிந்து ஊகித்துவிடும்.

முதல் மாதமே மாட்டிக்கொண்டேன். உள்ளீட்டுக்கு "தொகை" என்று ஒற்றைச் சொல்லில் விளக்கம் எழுதியிருந்தேன். யுஎஸ்டிசிக்கு ஆறு தசம இடங்கள். 25 யுஎஸ்டிசி என்பது உள்ளே 25000000 என்றுதான் போக வேண்டும். ஏஜென்ட் வெறும் 25 கொடுத்தது. வாலட் திரையில் 0.000025 என்று வந்து நின்றது. குறைவாக வந்ததால் சிரித்துக்கொண்டே மறுத்தேன். கூடுதலாக வந்து, அவசரத்தில் ஒப்புக்கொண்டிருந்தால்? "மிகச் சிறிய அலகில், முழு எண்ணாக" என்று ஓர் உதாரணத்தோடு மாற்றி எழுதிய பிறகு அந்தத் தொல்லை அடங்கியது.

அடுத்தது ஒரு வினைச்சொல்லால் வந்தது. கருவியின் பெயரே "பணம் அனுப்பு". அம்பாசமுத்திரத்திலிருந்து எங்களுக்காகச் சோதித்துப் பார்க்கும் தம்பி ஒருவர் ஏஜென்டிடம் வேலை சொன்னார். "அனுப்பிவிட்டேன்" என்றது அது. வாலட்டில் ஒப்புதல் கோரிக்கை காத்துக் கிடக்க, அவர் மடிக்கணினியை மூடிவிட்டுக் காபி குடிக்கப் போய்விட்டார். திரும்பி வந்து, பணம் போய்ச் சேரவில்லையே என்று மறுபடி கேட்டார். ஏஜென்ட் இரண்டாவதாக ஒன்றைத் தயாரித்தது. இரண்டுக்கும் ஒப்புதல் கொடுத்துவிட்டார். நடந்தது செபோலியா சோதனை வலையில் என்பதால் காசு போகவில்லை, என் மானம்தான் போனது.

பெயரை "அனுப்பத் தயாரி" என்று மாற்றச் சொன்னேன். எங்கள் குழுவினருக்குப் பழைய பெயர்தான் கேட்க நன்றாக இருக்கிறதாம். மூன்று வாரம் வாதாட வேண்டியிருந்தது. இப்போது கருவி தரும் பதிலின் முதல் வரியே "இன்னும் எதுவும் அனுப்பப்படவில்லை, பயனரின் ஒப்புதலுக்குக் காத்திருக்கிறது" என்றுதான் தொடங்கும்.

ஒருநாள் அப்பாவிடம் வாலட் திரையைக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மேலும் கீழும் பார்த்தார். "நான்கெல்லை எங்கே அம்மா?" என்றார். கிரயப் பத்திரத்தில் சொத்து விவரமும் நான்கெல்லையும் இல்லாமல் கையெழுத்து வாங்கினால் அது மோசடி என்பது அவர் கணக்கு. முழுப் பத்திரத்தையும் உரக்கப் படித்துக் காட்டாமல் அவர் யாரையும் கையெழுத்துப் போட விட்டதில்லை. ஒருமுறை பெருவிரலில் மை தடவிய பிறகு ஒரு பாட்டி, "கிணற்றில் என் பங்கைச் சொல்லவில்லையே" என்று கையை இழுத்துக்கொண்டாராம். பத்திரத்தை அன்று புதிதாக எழுதினார்கள்.

அதன்பின் ஒவ்வொரு கருவியின் குறிப்பிலும், வாலட்டில் பயனர் என்ன பார்க்க வேண்டும் என்று ஒரு பத்தி சேர்த்தேன்: எந்தப் பிளாக்செயின், எந்த முகவரி, எவ்வளவு, எதற்கு அனுமதி. கடைசியதுதான் கிணற்றுப் பங்கு. யுஎஸ்டிசி போன்ற ஈஆர்சி-20 வகை டோக்கனில் நம் சார்பாகச் செலவழிக்க ஓர் ஒப்பந்தத்துக்கு (பிளாக்செயினில் தானாக இயங்கும் நிரலுக்கு) அனுமதி கொடுக்க முடியும். "வரம்பில்லை" என்று கொடுத்தால் உள்ளே பதிவாவது 78 இலக்க எண். இன்றைய வேலைக்கு 25 போதும் என்றால் 25க்கு மட்டும் கொடுங்கள். கருவிகள் பலவும் வசதிக்காக வரம்பில்லாததையே முன்வைக்கின்றன. இதில் எனக்குப் பொறுமை கிடையாது.

ஏஜென்ட் தரும் சுருக்கத்தை மட்டும் நம்புவதும் ஆபத்து. 2025 பிப்ரவரியில் பைபிட் எனும் கிரிப்டோ பரிவர்த்தனை நிலையத்திலிருந்து சுமார் 150 கோடி டாலர் மதிப்புள்ள ஈதர், அதாவது எத்தீரியத்தின் நாணயம், திருடு போனது. கையொப்பமிட்டவர்கள் திரையில் கண்டது வழக்கமான பரிமாற்றம், அவர்கள் கையொப்பமிட்டது வேறு ஒன்று. அங்கே ஏஜென்ட் எதுவும் இல்லை, ஆனால் பார்த்ததும் கையொப்பமிட்டதும் வேறாகிப் போகும் அந்த இடைவெளி நம் கருவிகளிலும் உண்டு.

மின்வெட்டில் ஒருமுறை மாட்டினேன். ஒரு டோக்கனை இன்னொன்றாக மாற்றக் காலையில் தயாரித்த பரிவர்த்தனைக்கு மதியம் ஒப்புதல் கொடுத்தேன். கெடு தாண்டியிருந்தது, பரிவர்த்தனை தோற்றது, கேஸ் எனும் பரிவர்த்தனைக் கட்டணம் மட்டும் போனது. காலாவதி நேரத்தையும் எழுதுங்கள்.

இன்னும் சரியாகாதது மறுப்பு. பயனர் மறுத்தால் வாலட் 4001 என்ற குறியீட்டைத் தரும். ஏஜென்ட் அதை ஏதோ கோளாறு என்று எடுத்துக்கொண்டு மறுபடி கோரிக்கை அனுப்பும். மறுவீட்டுச் சொதி விருந்தில் இலையின் மேல் கையை வைத்து மறைத்தாலும் விரலிடுக்கில் ஊற்றுகிறவர்கள் உண்டல்லவா, அந்தப் பாசம். "4001 என்றால் பயனர் வேண்டாம் என்கிறார்; மறுபடி முயலாதே, காரணம் கேள்" என்று விளக்கத்தில் சேர்த்திருக்கிறேன். போன வாரம் வேண்டுமென்றே மூன்று முறை மறுத்துப் பார்த்தேன். இரண்டு முறை காரணம் கேட்டது. மூன்றாவது முறை சொல்லாமல் கொள்ளாமல் தொகையைப் பாதியாக்கி மறுபடி நீட்டியது.