வேலூரில் எம்.சி.ஏ., தகவல் அமைப்பும் வடிவமைப்பும்: கட்டிய ஃபீஸுக்கு என்ன கிடைத்தது?

எம்.சி.ஏ. சேர்க்கைக்கான நுழைவுத் தேர்வான டான்செட் எழுதிவிட்டு எந்தக் கல்லூரி, எந்த விருப்பப் பாடம் என்று குழம்பிக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகள் நிறைய பேர் கேட்கிறார்கள், தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை, அதனால் மொத்தமாக எழுதிவிடுகிறேன். வேலூரைச் சுற்றி இருக்கும் தனியார் கல்லூரி ஒன்றில் எம்.சி.ஏ. முடித்தேன். பெயர் வேண்டாம். விருப்பப் பாடங்களைத் தகவல் அமைப்பு, வடிவமைப்பு பக்கமாகவே எடுத்தேன், அதாவது சிஸ்டம் அனாலிசிஸ், டேட்டாபேஸ் டிசைன், மனிதர்-கணினி ஊடாட்டம், அப்புறம் ஒரு புராஜெக்ட். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வகுப்பறைக்குள் கிடைத்தது சுமார்தான், வெளியே அனுப்பி வாங்கிய வேலைதான் படிப்பு.

2020-க்கு முன்னால் எம்.சி.ஏ. மூன்று வருஷம், இப்போது இரண்டு. ஒரு வருஷ ஃபீஸ் மிச்சம் என்று வீட்டில் சந்தோஷப்படுவார்கள், ஆனால் பி.காம்., பி.எஸ்சி. கணிதம் என்று வேறு பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்கு மூச்சு முட்டும். பிரிட்ஜ் கோர்ஸ் என்று ஒன்று வைத்து புரோகிராமிங் அடிப்படையை ஓட்டமாக ஓட்டிவிடுவார்கள். முதல் செமஸ்டரில் அதில் தடுமாறினால் பின்னால் டிசைன் பாடங்களிலும் தடுமாற்றம்தான், ஏனென்றால் படம் வரைவதோடு யாரும் விடமாட்டார்கள், ஓட வைத்தும் காட்டச் சொல்வார்கள்.

தியரியைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. சாஃப்ட்வேர் வேலையை ஒரு கட்டம் முடிந்து அடுத்த கட்டம் என்று அருவி போல இறக்கும் வாட்டர்ஃபால் மாடலைப் படத்துடன் விளக்குக என்ற கேள்வி இன்னும் உயிரோடு இருக்கிறது. வின்ஸ்டன் ராய்ஸ் 1970-ல் அந்தப் படத்தைப் போட்ட கட்டுரையிலேயே, இப்படி ஒரே ஓட்டமாகப் போனால் ஆபத்து என்றும் எழுதியிருக்கிறார், ஆனால் நோட்ஸில் படம் மட்டும் வந்திருக்கிறது, எச்சரிக்கை வரவில்லை. அதே 1970-ல் எட்கர் காட் எழுதிய ரிலேஷனல் மாடல் (தரவை டேபிள்களாக வைக்கும் முறை), 1976-ல் பீட்டர் சென் கொண்டுவந்த இ.ஆர். டயக்ராம் (எந்தப் பொருளுக்கும் எதற்கும் என்ன உறவு என்று காட்டும் படம்) இரண்டையும் நடத்தியவர் மட்டும் உருப்படியாக நடத்தினார். கட்டம் எது, சாய்சதுரம் எது என்று மனப்பாடம் பண்ண வைக்காமல், 'இந்த விஷயம் மாறினால் எத்தனை இடத்தில் திருத்த வேண்டியிருக்கும்?' என்று ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டார். ஒரே தகவலைப் பல இடத்தில் எழுதாமல் டேபிள்களைப் பிரிக்கும் நார்மலைசேஷன் எனக்கு அப்போதுதான் புரிந்தது.

சரி, புராஜெக்டுக்கு வருகிறேன். மனிதர்-கணினி ஊடாட்டம் எடுத்த மேடம் முதல் மாதம் யாரையும் லேப்டாப் திறக்கவிடவில்லை. காந்தி ரோடு பக்கம் போங்கள், ஏதாவது ஒரு கடை, லாட்ஜ், மருந்துக்கடை, அங்கே உட்கார்ந்து என்ன எழுதுகிறார்கள், யாரிடம் என்ன கேட்கிறார்கள் என்று குறித்துக்கொண்டு வாருங்கள் என்றார். எங்கள் குழுவுக்கு லாட்ஜ். வேலூர்க்காரர்களுக்குத் தெரியும், சி.எம்.சி. ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள லாட்ஜ்களில் சுற்றுலாப் பயணிகள் குறைவு. மேற்கு வங்கம், ஜார்கண்ட், வடகிழக்கு, பங்களாதேஷ் என்று வைத்தியத்துக்கு வருகிறவர்கள்தான் அதிகம், போர்டுகூட வங்காளத்தில் இருக்கும்.

நாங்கள் போன லாட்ஜில் யாரோ விற்றுவிட்டுப் போன ஓட்டல் சாஃப்ட்வேர் ஒன்று கம்ப்யூட்டரில் சும்மா கிடந்தது. வேலை எல்லாம் நீள நோட்டில்தான். ஏன் என்று கேட்டதற்கு மேனேஜர் பாய் திரையைத் திருப்பிக் காட்டினார். அறை கொடுக்க வேண்டுமென்றால் காலி செய்யும் தேதியைப் போட்டே ஆகவேண்டும், இல்லாவிட்டால் அடுத்த பக்கத்துக்குப் போகாது. "டாக்டர் எப்போ விடுவாருன்னு அவங்களுக்கே தெரியாது தம்பி, அதுல நான் இன்னா தேதி போடறது?" என்றார். முதலில் ஏதோ ஒரு தேதியைப் போட்டுச் சமாளித்திருக்கிறார்கள், அந்தத் தேதி வந்ததும் சாஃப்ட்வேர் அறையைக் காலி என்று காட்டியிருக்கிறது, உள்ளே ஆள் இருக்கும்போதே இன்னொருவருக்குச் சாவி போயிருக்கிறது. அத்தோடு மூடி வைத்துவிட்டார்கள்.

நோட்டைப் பார்த்தால் அதில் வேறொரு கணக்கு ஓடுகிறது. நோயாளி ஆஸ்பத்திரியில் அட்மிட் ஆனதும் கூட வந்தவர் பெரிய அறையை விட்டுச் சின்ன அறைக்கு மாறுவார், ஊரிலிருந்து மச்சான் வந்து இவரை அனுப்பி வைப்பார், அட்வான்ஸ் மட்டும் அப்படியே தொடரும். ஆள் மாறுகிறார், அறை மாறுகிறது, தங்கல் ஒன்றுதான். அந்தத் தங்கலைத் தனி என்டிட்டியாக, அதாவது டயக்ராமில் தனிப் பொருளாக வைத்தபிறகுதான் எங்கள் டயக்ராம் சரியாக வந்தது. வெளிநாட்டவர் வந்தால் 24 மணி நேரத்துக்குள் அவர் விவரத்தை அரசுக்கு ஆன்லைனில் ஏற்ற வேண்டும் என்பது இன்னொரு கிளை. மருத்துவச் சீட்டை எல்லாம் ஸ்கேன் பண்ணி வைக்கலாமே என்று எங்களில் ஒருவன் ஆர்வமாகச் சொன்னபோது, 2023-ல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை வைத்து மேடம் ஒரு வகுப்பே எடுத்துவிட்டார்: அறை கொடுக்கத் தேவையில்லாத எதையும் வாங்காதே.

சோதித்தது பேப்பரில். திரையைப் பென்சிலில் வரைந்து, கவுன்ட்டரில் இருக்கும் பையனிடம் கொடுத்து, விரலால் தொடச் சொன்னோம். ஒரு கையில் எப்போதும் சாவிக்கொத்து, அதனால் மேல் மூலையில் வைத்த பட்டனுக்குக் கட்டைவிரல் எட்டவில்லை, கீழே இறக்கினோம். ஐந்து பேரை வைத்துப் பார்த்தாலே பெரும்பாலான குறைகள் வெளியே வந்துவிடும் என்று பயன்பாட்டுச் சோதனை நிபுணர் யாகோப் நீல்சன் சொல்வது சின்ன லாட்ஜுக்கு வசதியாகவே இருந்தது, அங்கே மொத்தமே அவ்வளவு பேர்தான். திரை வடிவமைக்கும் சாஃப்ட்வேரான ஃபிக்மாவைத் திறந்தது அதற்கப்புறம்தான்.

இவ்வளவும் செய்து வைவா என்ற வாய்மொழித் தேர்வுக்குப் போனால் வெளியிலிருந்து வந்த தேர்வாளர் கேட்டது, எந்த லாங்வேஜ், எத்தனை டேபிள். பைண்டிங் சரியாக இருக்கிறதா என்று வேறு திருப்பிப் பார்த்தார். இது எல்லா இடத்திலும் உள்ள நோய் என்கிறார்கள், இருந்தாலும் எரிச்சல்தான்.

குறைகள் இன்னும் உண்டு. தகவல் அமைப்பைப் பாடமாக வைத்திருக்கும் கல்லூரியின் ஃபீஸ் போர்ட்டல், பணம் போகும் நேரம் பார்த்து லாக் அவுட் ஆகும். கட்டி முடித்தாலும் ரசீதைப் பிரின்ட் எடுத்து ஆபீஸ் ஜன்னலில் நீட்ட வேண்டும், உள்ளே இருப்பவர் அதைப் பார்த்து ஒரு நோட்டில் எழுதிக்கொள்வார். எங்கள் புராஜெக்டுக்கு லாட்ஜ் வரைக்கும் போயிருக்கவே வேண்டாம் போல. லேபில் பாதி மெஷின் பழசு, வேலூர் வெயிலுக்கு ஏ.சி. இருந்தும் பிரயோஜனம் இல்லை, சொந்த லேப்டாப் கட்டாயம் என்று சேரும்போது யாரும் சொல்லவில்லை. பிளேஸ்மென்டுக்கு வருகிற கம்பெனிகள் கோடிங் டெஸ்ட் வைத்து ஆள் எடுக்கின்றன, டிசைன் வேலைக்கு யாரும் வரவில்லை. அதற்கு நீங்களே போர்ட்ஃபோலியோ தயார் பண்ணிக்கொண்டு காட்பாடியில் பிருந்தாவன் எக்ஸ்பிரஸ் பிடித்து பெங்களூரு போய்வர வேண்டியதுதான். ஆனால் அங்கே அந்த லாட்ஜ் கதை எடுபட்டது, காலி செய்யும் தேதி விஷயத்தைச் சொன்னதும் இன்டர்வியூ எடுத்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

இதையெல்லாம் ஐ.ஐ.டி.க்களின் ஆன்லைன் பாடத் தளமான என்.பி.டி.இ.எல்.லில் படிக்கலாமே, பாடம் இலவசம், தேர்வு எழுதத்தானே காசு என்று கேட்பீர்கள். தியரிக்கு அது போதும், சொல்லப்போனால் எங்கள் வகுப்பைவிட நன்றாகவே இருக்கும். பாயிடம் போய் உட்காரச் சொல்லித் துரத்தவும், வரைந்ததைக் கிழித்து மறுபடி வரையச் சொல்லவும் வீடியோவில் ஆள் கிடையாது, அவ்வளவுதான் வித்தியாசம். மார்க் போட்டால் ஐந்துக்கு மூன்றரை, அதில் இரண்டரை அந்த ஒரு மேடத்துக்கு.

சேருவதற்கு முன் துறைக்கு நேரில் போய் இரண்டு விஷயம் கேளுங்கள்: டிசைன் பாடத்தை இந்த வருஷம் யார் எடுக்கிறார்கள், புராஜெக்டுக்கு வெளியே போக அனுமதிக் கடிதம் தருவார்களா. அட்மிஷன் கவுன்ட்டரில் கேட்டால் பிளேஸ்மென்ட் நோட்டீஸைத்தான் நீட்டுவார்கள், அதனால் மாடியேறிப் படிக்கிற பசங்களைப் பிடியுங்கள், சீனியர் புராஜெக்ட் ரிப்போர்ட் இரண்டை வாங்கிப் புரட்டுங்கள். இரண்டிலும் எல்லோரும் வழக்கமாகப் போடும் அந்த 'நூலக மேலாண்மை அமைப்பு' என்றே இருந்தால் வேறு கல்லூரி பாருங்கள்.