கிளை வெட்டப் போய்ச் சட்டம் படித்த கதை

பக்கத்து வீட்டு மரக்கிளை மதிலைத் தாண்டி என் பக்கம் இறங்கிவிட்டது. அதை நானே வெட்டலாமா? வெட்டினால் பழம் யாருக்கு? இந்த இரண்டு கேள்விகளோடு பொது நூலகத்தின் சட்டப் பிரிவுக்குப் போனேன். சட்ட நூல்களில் தேடத் தெரியாத என்னைப் போன்றவர்களுக்கென்று அங்கே ஓர் உதவி மேசை இருக்கிறது. மூன்று நாள் போய்வந்துவிட்டேன். ஐந்துக்கு நான்கு மதிப்பெண் தருவேன்.

முதல் நாள் கதையை ஆதியோடந்தமாகச் சொன்னேன். நூலகர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஐயா, வெட்டலாமா கூடாதா என்று நான் சொல்லக் கூடாது. அதைப் பற்றிப் பேசும் புத்தகத்தை எடுத்துத் தருகிறேன்" என்றார். இத்தனை புத்தகங்களுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டு ஓர் 'ஆம்', 'இல்லை' சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று எரிச்சலாக வந்தது. அவர் வக்கீல் அல்ல. அவர் சொல்லை நம்பி நான் அரிவாளைத் தூக்கியிருந்தால் மாட்டியிருப்பது நான்தான். இது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

பொருளடைவில் 'மரம்' என்று தேடி அலுத்துப்போயிருந்தேன். "அண்டை வீட்டாரின் தொல்லை என்ற தலைப்பில் பாருங்கள்" என்றார். அங்கே கிடைத்தது லெம்மன் எதிர் வெப் என்ற இங்கிலாந்து வழக்கு. பக்கத்தில் '[1895] ஏ.சி. 1' என்று பஸ் தட எண் போல ஏதோ ஒன்று. துண்டுச் சீட்டில் பென்சிலால் பிரித்துக் காட்டினார்: மேல்முறையீட்டு வழக்குகளின் தொகுப்பு, 1895ஆம் ஆண்டுத் தொகுதி, முதல் பக்கம். தீர்ப்பு வந்ததோ 1894இல்; சதுர அடைப்புக்குள் இருப்பது தொகுதியின் ஆண்டு. தன் நிலத்தில் நின்றபடியே வெட்டுவதானால் முன்னறிவிப்புகூட வேண்டாம் என்கிறது அந்தத் தீர்ப்பு. துள்ளிக் குதித்தேன்.

அடுத்த நாள் 1919ஆம் ஆண்டின் மில்ஸ் எதிர் புரூக்கர் வழக்கைக் கையில் கொடுத்தார். தன் பக்கம் நீண்டிருந்த கிளையின் ஆப்பிள்களை ஒருவர் எடுத்து விற்றுவிட்டார். பழம் மரத்துக்காரருக்கே சொந்தம் என்று தீர்ப்பு. என் துள்ளல் அடங்கியது. தீர்ப்பின் மேலே அச்சிட்டிருக்கும் தலைக்குறிப்போடு நான் நிறுத்திக்கொள்ளப் பார்த்தபோது, "அது தொகுப்பாசிரியர் எழுதியது, நீதிபதி எழுதியதல்ல" என்று பக்கத்தைப் புரட்டிவிட்டார். இந்த ஒரு சொல்லுக்கே ஒரு மதிப்பெண் கூடுதலாகக் கொடுக்கலாம்.

குறைகளும் உண்டு. பழைய தொகுதிகள் கிடங்கில் இருக்கின்றன. கேட்டால் வந்துசேர முக்கால் மணி நேரம். கணினிக்கு ஒருவருக்கு அரை மணிதான். பூதக்கண்ணாடி போட்டுப் படிக்கிற என் வேகத்துக்கு அது எந்த மூலைக்கு? நகல் எடுக்கும் இயந்திரம் மூன்று நாளும் படுத்தே கிடந்தது.

போகிறவர்கள் கதையை விட்டுவிட்டுக் கேள்வியை ஒரே வரியில் எழுதிக்கொண்டு போங்கள். கிடைத்த தீர்ப்பு இன்னும் செல்லுமா, பின்னால் வந்த சட்டம் அதை மாற்றியதா என்று பார்க்கும் முறையையும் கேட்டுக்கொள்ளுங்கள்; மூன்றாம் நாள் முழுக்க எனக்கு அதற்கே போனது. அந்த இங்கிலாந்துத் தீர்ப்புகள் என்னைக் கட்டுப்படுத்துமா என்பது மட்டும்தான் இப்போது வக்கீலிடம் கேட்க வேண்டியது. கிளை அப்படியேதான் இருக்கிறது. பழத்தை அணில் தின்கிறது.