"நான் சொல்றேன்ல தம்பி": 3,300 டாலர் போன கதை

நேற்று இரவு கடைசியாக வந்த பதில் இது: "உங்கள் கோரிக்கை தீர்க்கப்பட்டது." எது தீர்ந்தது என்று எனக்குப் புரியவில்லை. என் 3,300 டாலர்தான் தீர்ந்தது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன், ஆறிவிட்டால் நானும் எல்லாரையும் போல "சரி, விடு" என்று வாயை மூடிக்கொண்டு போய்விடுவேன்.

வெளிநாட்டில் ஃபைனான்ஸ் மாஸ்டர்ஸ் படிக்க எந்த நாடு, எந்தக் கோர்ஸ் என்று மண்டையை உடைத்துக்கொண்டிருப்பவர்களுக்காக இந்தப் பதிவு. பெயர் போட மாட்டேன். ஆன்லைனில் காசு வாங்கிக்கொண்டு அட்மிஷன் ஆலோசனை சொல்லும் ஒரு தளம், அவ்வளவுதான். தனியாக வந்து பெயர் கேட்காதீர்கள், பணம் திரும்பி வரும் என்ற நப்பாசை இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

என் முன்னால் மூன்று வழிகள் இருந்தன. ஜெர்மனியில் ஒரு அரசுப் பல்கலைக்கழகம், கல்விக் கட்டணம் கிட்டத்தட்ட இல்லை, ஆனால் வருடத்துக்கு 11,904 யூரோ முடக்கக் கணக்கில் போட்டுக் காட்ட வேண்டும். பிரிட்டனில் ஒரு வருடக் கோர்ஸ். அமெரிக்காவில் ஒன்றரை வருடக் கோர்ஸ். பிரிட்டனை நானே தள்ளி வைத்திருந்தேன். இறங்கி பெட்டியைப் பிரிப்பதற்குள் வங்கிகளின் ஆளெடுப்பு ஆரம்பித்துவிடும், படிப்புக்குப் பிறகு கிடைக்கும் இரண்டு வருட விசாவும் 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 18 மாதம்தான். மீதி இரண்டில் எது என்று முடிவெடுக்க முடியாமல்தான் அந்தத் தளத்துக்கு 1,300 டாலர் கட்டினேன். பிரீமியம் பேக்கேஜாம்.

எனக்கு ஒதுக்கிய ஆலோசகர் தமிழ் பேசினார். அங்கேதான் நான் விழுந்தேன். முதல் வீடியோ காலிலேயே "தம்பி, என்னை அண்ணனா நினைச்சுக்கோ" என்றார், நானும் நினைத்துக்கொண்டேன். ஜெர்மனி என்றதும் சிரித்தார். "மொழி தெரியாம எந்த பேங்க்ல உன்னை எடுப்பான்? அதுவும் பன்னிரண்டாயிரம் யூரோவை முடக்கிட்டு?" மொழி விஷயத்தில் அவர் சொன்னது முழுப் பொய் இல்லை. ஆனால் அந்த 11,904 எங்கேயும் போய்விடுவதில்லை, அங்கே போன பிறகு மாதம் 992 யூரோவாக நம் கைக்கே செலவுக்கு வரும் பணம் அது. அதை அவர் சொல்லவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

அப்புறம் திரையில் ஒரு எக்செல் ஷீட்டைக் காட்டினார். ஆறு அமெரிக்கக் கோர்ஸ்கள். கட்டணம், காலம், தரவரிசை, கடைசிப் பத்தியில் ஸ்டெம், அதாவது அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம் சார்ந்த படிப்பா என்பது. அவர் எனக்குச் சிபாரிசு செய்த மூன்றாவது வரியில் பச்சை டிக். அந்தப் பச்சை டிக் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

தெரியாதவர்களுக்கு: அமெரிக்காவில் படித்து முடித்தால் ஓபிடி என்று 12 மாதம் வேலை பார்க்க அனுமதி உண்டு. உங்கள் கோர்ஸ் ஸ்டெம் பட்டியலில் இருந்தால் மேலும் 24 மாதம் நீட்டிக்கலாம், அதற்கு முதலாளி ஈ-வெரிஃபை என்ற அரசின் வேலைத் தகுதி சரிபார்ப்பு முறையில் பதிவு செய்திருக்க வேண்டும். அதற்குப் பிறகும் அங்கே வேலை பார்க்கத் தேவையான எச்-1பி விசாவுக்கான குலுக்கல் வருடத்துக்கு ஒருமுறைதான், அதனால் 12 மாதத்துக்கும் 36 மாதத்துக்கும் நடுவில் இருப்பது ஒரு வாய்ப்புக்கும் மூன்று வாய்ப்புக்கும் உள்ள வித்தியாசம். கடன் வாங்கிப் படிக்கப் போகிறவனுக்கு இதுதான் எல்லாமே. தரவரிசையெல்லாம் அப்புறம்.

அதனால் கேட்டேன். இரண்டு முறை கேட்டேன். "அண்ணா, இது உறுதியா ஸ்டெம்தானே?" "நான் சொல்றேன்ல தம்பி. போன வருஷம் நம்ம பசங்க நாலு பேர் அங்கதான் சேர்ந்தாங்க." கால் முடிந்ததும் வாட்ஸ்அப்பில் எழுத்திலும் கேட்டேன், ஒரு கட்டைவிரல் வந்தது. வெறும் கட்டைவிரல். வெள்ளிக்கிழமைக்குள் கட்டாவிட்டால் சீட் போய்விடும் என்று இரவு பத்தரை மணிக்கு வாய்ஸ் நோட் வேறு. கல்லூரிக்கு 2,000 டாலர் டெபாசிட் கட்டினேன். 1,300-ம் 2,000-மும் சேர்த்து 3,300.

மூன்று வாரம் கழித்து ஐ-20 வந்தது, மாணவர் விசாவுக்காகக் கல்லூரி தரும் படிவம். அந்தச் சந்தோஷத்தில் முதலில் பெயரையும் பிறந்த தேதியையும் மட்டும்தான் சரிபார்த்தேன். விசா விண்ணப்பத்தை நிரப்ப உட்கார்ந்தபோதுதான் கீழே பாடப்பிரிவு வரி கண்ணில் பட்டது: ஃபைனான்ஸ், ஜெனரல், 52.0801. சிஐபி எண் என்பார்கள், அமெரிக்காவில் ஒவ்வொரு பாடப்பிரிவுக்கும் உள்ள ஆறு இலக்க வகைப்பாட்டு எண். ஸ்டெம் பட்டியலைத் திறந்து தேடினேன். 52.0801 அதில் இல்லை. 27.0305 இருக்கிறது, அது ஃபைனான்ஷியல் மேத்தமெடிக்ஸ். 30.7104 கூட இருக்கிறது, ஃபைனான்ஷியல் அனலிடிக்ஸ். நம்முடையது இல்லை. பட்டத்தின் பெயர் ஒன்றாகவே இருந்தாலும் ஒரு கல்லூரி ஒரு எண்ணிலும் இன்னொன்று வேறு எண்ணிலும் பதிவு செய்து வைத்திருக்கும், பெயரைப் பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாது என்பதெல்லாம் அன்று இரவு இரண்டு மணிக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

கல்லூரிக்கு எழுதினேன். ஒரே நாளில் மரியாதையாகப் பதில் வந்தது. இந்தக் கோர்ஸை ஸ்டெம் என்று நாங்கள் எங்கேயும் சொல்லவில்லை, எங்களுடைய குவாண்டிடேட்டிவ் ஃபைனான்ஸ்தான் ஸ்டெம், அதற்கு லீனியர் அல்ஜீப்ரா, ப்ராபபிலிட்டி எல்லாம் படித்திருக்க வேண்டும், விண்ணப்பமும் முடிந்துவிட்டது, டெபாசிட் திரும்பத் தரப்படாது. நான் காமர்ஸ். கல்லூரியைக் குறை சொல்ல முடியாது, டெபாசிட் பற்றி அனுமதிக் கடிதத்தில் தடித்த எழுத்தில் இருந்தது, கையெழுத்துப் போட்டது நான்தான்.

சரி, அண்ணனிடம் போனேன். முதல் நாள்: "டீம்ல செக் பண்றேன்." நான்காம் நாள்: "அங்க போய் மாத்திக்கலாம் தம்பி, எல்லாரும் அப்படித்தான்." எட்டாம் நாள் வாட்ஸ்அப்பில் ஒரே டிக். பிறகு சப்போர்ட்டில் டிக்கெட் போடச் சொன்னார்கள். போட்டேன். அந்த ஆலோசகர் இப்போது எங்களுடன் இல்லை என்றது ஒரு பதில். நாங்கள் வழிகாட்டுதல் மட்டுமே தருகிறோம், முடிவு மாணவருடையது என்றது அடுத்தது. ஸ்கிரீன்ஷாட் அனுப்பினேன், எமோஜியை உறுதிமொழியாகக் கருத முடியாது என்று எழுதினார்கள், சத்தியமாக அப்படியே எழுதினார்கள். 3,300 டாலருக்கு ஒரு கட்டைவிரல்.

அப்போதுதான் அவர்களுடைய விதிமுறைப் பக்கத்தை முழுதாகப் படித்தேன். கூட்டாளிக் கல்லூரிகளிடமிருந்து கமிஷன் பெறுவோம் என்று ஒரு வரி, எங்கோ அடியில். அந்த ஆறு கோர்ஸையும் கூட்டாளிகள் பட்டியலோடு ஒப்பிட்டேன், ஆறுமே அதில் இருந்தன. ஜெர்மன் அரசுப் பல்கலைக்கழகம் இல்லை. அவர் ஏன் சிரித்தார் என்று இப்போது புரிகிறது. என்னிடம் 1,300 வாங்கிக்கொண்டு என்னையே அங்கே விற்றிருக்கிறார்கள்.

எப்படித் தேர்ந்தெடுப்பது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. அமெரிக்கா என்றால் சிஐபி எண் என்ன என்று கல்லூரிக்கே மின்னஞ்சல் போட்டு, ஆறு இலக்கமும் எழுத்தில் வந்த பிறகு டெபாசிட் கட்டுங்கள். சிஎஃப்ஏ (முதலீட்டுத் துறைக்கான தொழில்முறைத் தேர்வு) இணைப்பு உள்ள கோர்ஸ் என்று யாராவது பெருமையடித்தால் மயங்காதீர்கள், அதனால் எந்தத் தேர்விலும் விலக்கு கிடையாது. ஆலோசகரிடம் முதல் கேள்வியே "உங்களுக்கு யார் காசு தருகிறார்கள்?" என்பதாக இருக்கட்டும். தமிழில் பேசுகிறார் என்பதற்காக நம்பாதீர்கள், இது எனக்கு நானே சொல்லிக்கொள்வது.

2,000 போனது போனதுதான். மீதி 1,300-க்காகக் கார்டு கொடுத்த வங்கியில் புகார் போடுகிறேன், கெடு நாளையோடு முடிகிறது. அந்தக் கட்டைவிரலையும் பிரிண்ட் எடுத்து இணைத்திருக்கிறேன்.