டர்பன்ல பழைய பைக்கை ஆப்ல வித்தேன், 5-க்கு 2 ஸ்டார்

ஆப் பேர சொல்லல, இங்க பழைய சாமான் விக்கிற எல்லாரும் அதுலதான் போடுறாங்க, தெரிஞ்சவங்களுக்கு புரியும். என்னோட ஹோண்டா ஏஸ் 125-ஐ 14,000 ராண்டுக்கு போட்டேன். விளம்பரம் போட காசு கிடையாது, பத்து நிமிஷத்துல போட்டோவெல்லாம் ஏறிடுச்சு. ரெண்டு ஸ்டாரும் அதுக்குத்தான்.

போட்ட அரை மணி நேரத்துல ஒம்பது மெசேஜ். சந்தோஷமா இருந்துச்சு, ஆனா ஒருத்தன் கூட எவ்ளோ கிலோமீட்டர் ஓடிருக்கு, செயின் எப்ப மாத்துனீங்கன்னு கேக்கல, போட்டோல டேங்க்ல பெரிய நசுங்கல் பளிச்சுன்னு தெரியுது, அதப் பத்தியும் பேச்சு இல்ல, விலைய ஒரு ராண்டு கூட குறைக்க சொல்லல. டர்பன்ல எங்க சாட்ஸ்வர்த் ஏரியால பேரம் பேசாம தக்காளி வாங்குறவனையே நான் பாத்ததில்ல, இவனுங்க பைக் வாங்குறாங்களாம்.

ஒருத்தன் நான் கடல்ல எண்ணெய் கிணத்துல வேலை பாக்குறேன், கூரியர் வந்து எடுத்துக்கும், நீங்க மொதல்ல 850 ராண்ட் இன்சூரன்ஸ் கட்டுங்க, திரும்ப வந்துரும்னான். இன்னொருத்தன் உங்க அக்கவுண்ட்ல செக் போட்டுட்டேன்னான். அடப்பாவி, செக்கே 2020 கடைசியோட இந்த நாட்டுல நின்னு போச்சு, அதையாவது தெரிஞ்சுக்கிட்டு வரக் கூடாதா!

மூணாவது ஆள்தான் கில்லாடி. சனிக்கிழமை சாயந்தரம் நாலு மணிக்கு காசு அனுப்பிட்டேன்னு ஒரு பிடிஎஃப், பேங்க் லோகோ, என் பேரு, அக்கவுண்ட் நம்பர், எல்லாம் கரெக்ட். கூடவே பேங்க்ல இருந்து வர்ற மாதிரியே ஒரு எஸ்எம்எஸ். அஞ்சு நிமிஷத்துல வீட்டு கேட் முன்னாடி ஒரு பக்கி, அதான் பின்னாடி சாமான் ஏத்துற பிக்கப் வண்டி, வந்து நிக்குது, டிரைவர் ஹாரன் மேல ஹாரன். என் பேங்க் ஆப்ப தொறந்தா பழைய பேலன்ஸ்தான். கேட்டா வேற பேங்க், திங்கக்கிழமைதான் ஏறும்ங்கறான். அப்படி லேட்டா ஏறுற ஈஎஃப்டி, அதாவது ஆன்லைன்ல பேங்க்ல இருந்து பேங்க்குக்கு அனுப்புற காசு, நெஜமாவே உண்டுங்கிறதுதான் இதுல விஷயம், அதனாலதான் சனிக்கிழமைய புடிக்கிறானுங்க. அந்த பிடிஎஃப்ப பெருசு பண்ணி பாத்தேன், தொகை மட்டும் வேற எழுத்துல, கோட்ட விட்டு லேசா மேல ஏறி நின்னுச்சு. அதுக்குள்ள வீட்டுக்கார ஆயா வெளிய போயி போனைத் தூக்கி பக்கி நம்பர் பிளேட்ட போட்டோ எடுத்துச்சு பாருங்க, டிரைவர் ரிவர்ஸ்லயே தெருமுனை வரைக்கும் போய்ட்டான்.

மூணு பேரையும் ரிப்போர்ட் பண்ணேன். நன்றி, பரிசீலிக்கிறோம்னு மெஷின் பதில். மறுநாள் அதே மூஞ்சி, அதே போட்டோ, வேற பேருல மறுபடி மெசேஜ். ஒரு ஸ்டார் இங்க போச்சு, இல்ல ரெண்டு.

கடைசியா வாங்குனவர் இங்க டர்பன்லயே ஃபீனிக்ஸ் ஏரியாக்காரர். மெக்கானிக்கோட வந்தாரு, ஸ்பார்க் பிளக்க கழட்டி பாத்தாரு, டேங்க காட்டி காட்டியே 12,800-க்கு கொண்டு வந்துட்டாரு. எரிச்சலா இருந்துச்சு, ஆனா நிம்மதி. பெட்ரோல் பங்க்ல வச்சுதான் பேசுனோம், ஓட்டிப் பாக்க போனப்ப அவர் பக்கி சாவி என் கைல. இமீடியட் பேமெண்ட்ல போட்டாரு, என் ஆப்ல ஏறுனத பாத்த பிறகுதான் சாவியும் ஆர்சி-யும் குடுத்தேன். ஓனர் மாத்துற என்சிஓ ஃபார்ம மட்டும் நானே லைசென்ஸ் ஆபீஸ்ல குடுத்துட்டேன், அவருக்கு பதிய 21 நாள் டைம் இருக்கு, அதுவரைக்கும் அவர் பறக்குற ஸ்பீடுக்கு ஃபைன் என் பேருல வரணுமா என்ன.

இப்ப ஆயா தன்னோட பழைய டீப் ஃப்ரீசரையும் இதே ஆப்ல போட்டு குடுப்பான்னு உக்காந்திருக்கு. பக்கி வந்தா அது பாத்துக்குமாம்.