நாலரை மணியா, மூன்று மணியா, கேட்கும்போதெல்லாமா? குழந்தைகளின் நொறுக்குத்தீனி: நான்கு நாட்டு வழக்கங்கள்

பள்ளிவிட்டு வரும் குழந்தை, பையைக் கழற்றும் முன்பே கேட்பது "சாப்பிட என்ன இருக்கு?" எந்த ஊர்க் குழந்தையானாலும் கேள்வி இதுதான். பெரியவர்கள் சொல்லும் பதில்தான் நாட்டுக்கு நாடு மாறுகிறது. பிரான்ஸில் மணி நாலரை ஆகியிருந்தால் தட்டு தயாராக இருக்கும். அமெரிக்காவில் காரின் பின் இருக்கையிலேயே ஒரு பொட்டலம் காத்திருக்கும். ஜப்பானில் ஒரு சின்னத் தட்டில் அளந்து வைத்திருப்பார்கள். ஸ்வீடனில் மிட்டாய் கேட்டால், இன்று என்ன கிழமை என்ற பதில்கேள்வி வரும்.

அந்தந்த நாட்டில் எல்லா வீடும் இப்படித்தான் என்று சொல்ல வரவில்லை. ஆனால் பெரும்பாலோர் எதை முறை என்று நினைக்கிறார்களோ, எதை மீறும்போது கொஞ்சம் கூச்சப்படுகிறார்களோ, அதை ஒப்பிடலாம். பொதுவாக இப்படி ஒப்பிடுகிறவர்கள் தட்டில் என்ன இருக்கிறது என்றுதான் பார்ப்பார்கள். என்னைக் கேட்டால் அது இரண்டாம்பட்சம். எப்போது, அதை யார் முடிவு செய்கிறார்கள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

பிரான்ஸ்: ஒரே ஒரு தடவை

'கூட்டே' என்று சொல்லும் மாலைத் தீனி நாலரை மணி வாக்கில் வரும். ரொட்டித் துண்டுக்குள் சாக்லேட் பட்டை, ஒரு பழம் அல்லது பழக்கூழ், கொஞ்சம் தயிரோ பாலோ. பெரும்பாலும் இனிப்புதான். குழந்தை இனிப்புத் தின்கிறதே என்று அங்கே யாரும் அவ்வளவாகப் பதறுவதில்லை. ஆறு மணிக்கு ஒரு பிஸ்கட்டை எடுத்தால்தான் முகம் சுளிப்பார்கள். ராத்திரிச் சாப்பாடு ஏழரை, எட்டு மணிக்கு. நடுவே மூன்று மணி நேரம் பசிக்க விட வேண்டும், பசித்தால்தான் தட்டில் வைத்த காய்கறி உள்ளே போகும் என்பது கணக்கு.

இதில் அரசும் கூடவே நிற்கிறது. 2005 செப்டம்பரிலிருந்து பள்ளிகளில் காசு போட்டுத் தின்பண்டம் எடுக்கும் இயந்திரங்களுக்குத் தடை. 2007 முதல் உணவு விளம்பரங்களோடு சுகாதார வாசகங்கள் வர வேண்டும். அவற்றில் ஒன்று, சாப்பாட்டு வேளைகளுக்கு நடுவே கொறிப்பதைத் தவிருங்கள் என்பது. மழலையர் பள்ளியில் காலைத் தீனி ஒன்றும் ரொம்ப நாள் இருந்தது. 1954-இல் பியேர் மெந்தெஸ் பிரான்ஸ் பிரதமராக இருந்தபோது பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு டம்ளர் பால் கொடுக்கத் தொடங்கியதன் நீட்சி அது. சரியாகச் சாப்பிடக் கிடைக்காத பிள்ளைகளுக்காக வந்த ஏற்பாடு, வயிறு நிறைந்த தலைமுறைக்கும் தொடர்ந்தது. காலையில் சாப்பிட்டுவிட்டு வரும் பிள்ளைக்கு மதிய உணவுக்கு இரண்டு மணி நேரம் முன்னால் இன்னொரு தீனி எதற்கு என்று 2004-இல் உணவுப் பாதுகாப்பு அமைப்பு கேட்டது. கல்வி அமைச்சகமும் பள்ளிகளுக்கு அதே தொனியில் எழுதியது.

பிரெஞ்சு முறையைப் புகழ்கிறவர்கள் வசதியாக மறந்துவிடும் விஷயம் ஒன்று உண்டு. அந்தப் பிள்ளைகளின் பள்ளி மதிய உணவு பெரியது. முன்னுணவு, முக்கிய உணவு, பாலாடைக்கட்டி அல்லது தயிர், கடைசியில் பழமோ இனிப்போ என வரிசையாக வரும். உட்கார்ந்து சாப்பிட நேரமும் உண்டு. அதைச் சாப்பிட்ட குழந்தையால் நாலரை வரை தாங்க முடியும். பதினொன்றரை மணிக்கு அரை டப்பா சாப்பிட்டுவிட்டு விளையாட ஓடிய குழந்தையிடம் இந்தச் சட்டத்தைப் போட்டால் அது ஒழுங்கில்லை, பட்டினி போடுவது.

அமெரிக்கா: கைக்கெட்டும் தூரத்தில்

பியர்னாஸ், பாப்கின் என்ற இரு ஆய்வாளர்கள் 1977 முதல் 2006 வரையிலான தேசிய உணவுக் கணக்கெடுப்புகளை அலசி 2010-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அமெரிக்கக் குழந்தைகள் நாளுக்கு மூன்று தடவை நொறுக்குத்தீனி என்ற நிலையை நெருங்கிவிட்டார்கள், நாளின் மொத்த கலோரியில் 27 சதவீதத்துக்கு மேல் அதிலிருந்தே வருகிறது என்பது அதன் சாரம். அதாவது ஒரு வேளைச் சாப்பாட்டுக்குச் சமமான பங்கு, சாப்பாடு என்ற பெயரே இல்லாமல் உள்ளே போகிறது.

இதைப் பெற்றோரின் அலட்சியம் என்று சொல்லிவிட முடியாது. பல பள்ளிகளில் மதிய உணவு சீக்கிரமே முடிந்துவிடும். வரிசையில் நின்ற நேரம் போக உட்கார்ந்து சாப்பிடக் கிடைப்பது கொஞ்ச நேரம்தான். அப்புறம் விளையாட்டுப் பயிற்சி, அங்கிருந்து கார், வீட்டுக்கு வர இருட்டிவிடும். இடையில் ஏதாவது கொடுக்காமல் இருக்க முடியாது. ஆனால் தேவைக்கு வந்தது வேறு எங்கெல்லாமோ ஒட்டிக்கொண்டது. சின்னப் பிள்ளைகளின் கால்பந்து ஆட்டம் முடிந்ததும் அணிக்கே தீனி கொண்டுவர வேண்டும், அதற்குப் பெற்றோர்களுக்குள் முறை வைத்துப் பட்டியல். நாற்பது நிமிடம் ஓடியதற்கு ஒரு ஜூஸ், ஒரு குக்கீ. தள்ளுவண்டியில் உட்காரும் கைக்குழந்தைக்கு, கவிழ்த்தாலும் கொட்டாத மூடி போட்ட கிண்ணம். கை உள்ளே போகும், தீனி வெளியே சிந்தாது. சாமர்த்தியமான பொருள்தான். ஆனால் அது தீர்ப்பது பெரும்பாலும் பசியை இல்லை, சிணுங்கலை.

இதில் ஒரு வேடிக்கை. கேட்கும்போதெல்லாம் கொடு என்று அமெரிக்க நிபுணர்கள் சொல்வதில்லை. எல்லின் சாட்டர் என்ற அமெரிக்க உணவியல் நிபுணர் வகுத்த பொறுப்புப் பங்கீடு அங்கே பிரபலம். என்ன, எப்போது, எங்கே என்பது பெற்றோர் பாடு. சாப்பிடுவதா, எவ்வளவு சாப்பிடுவது என்பது குழந்தை பாடு. அவரும் நேரம் வைத்து, உட்கார்ந்து சாப்பிடும் தீனியைத்தான் சொல்கிறார். ஜூஸ் விஷயத்தில் அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2017-இல் சொன்னது இன்னும் கறார்: ஒரு வயதுக்குள் கூடவே கூடாது, ஒன்று முதல் மூன்று வயது வரை நாளுக்கு அதிகபட்சம் சுமார் 120 மில்லி. புத்தகத்தில் இருப்பது ஒன்று, காரில் நடப்பது வேறு.

இந்த வழக்கத்துக்கும் ஒரு நியாயம் உண்டு. குழந்தை "பசிக்குது" என்றால் அதை நம்புகிறது. கடிகாரத்தைக் காட்டிப் பேசவிடாமல் செய்வதில்லை.

ஜப்பான்: அளந்து ஒரு தட்டு

'ஓயாட்ஸு' என்று சொல்லும் மூன்று மணித் தீனி பார்வைக்குப் பிரெஞ்சு முறை மாதிரியே இருக்கும். ஆனால் நோக்கம் வேறு. சின்னக் குழந்தையின் வயிறு சிறியது, மூன்று வேளையில் தேவையானது முழுதும் உள்ளே போகாது, விட்டுப்போனதை இது நிரப்ப வேண்டும் என்று அங்கே பால்வாடிகளிலேயே நினைக்கிறார்கள். அதனால் பிஸ்கட்டுக்குப் பதில் ஒரு சின்னச் சோற்று உருண்டையோ, அவித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கோ, பாலோ இருப்பது சகஜம். ஒன்று, இரண்டு வயதுக் குழந்தைகளுக்குக் காலையிலும் மாலையிலும், மூன்று வயதானால் மாலையில் மட்டும். வயதைப் பார்த்து எண்ணிக்கையை மாற்றுகிற இந்த ஒரு அம்சம் எனக்கு மிகவும் பிடித்தது. மற்ற வழக்கங்கள் இதில் கோட்டை விடுகின்றன.

அளவு என்பது அங்கே எவ்வளவு ஊறிப்போனது என்றால், பள்ளிச் சுற்றுலாவுக்குக் கொண்டுபோகும் தீனிக்கே பண வரம்பு உண்டு. 300 யென்னுக்குள் என்பது பலருக்கும் நினைவிருக்கும் கணக்கு. "வாழைப்பழம் தீனிக் கணக்கில் சேருமா?" என்று மாணவன் ஆசிரியரிடம் கேட்பது நாடறிந்த பழைய நகைச்சுவை. அந்தப் பையன் கேட்பதில் தப்பே இல்லை. பழம் சாப்பாடா, தீனியா என்று பெரியவர்களே இன்னும் முடிவு செய்யவில்லை.

ஸ்வீடன்: சனிக்கிழமை வரட்டும்

ஸ்வீடன் தீனியையும் இனிப்பையும் பிரித்துவிட்டது. மாலையில் ரொட்டி, பால், பழம் என்று இடைத்தீனி வழக்கம்போல உண்டு. மிட்டாய் மட்டும் சனிக்கிழமை. கடையில் பெட்டி பெட்டியாக வைத்திருப்பதிலிருந்து சின்ன முறத்தால் அள்ளி, தாள் பையில் போட்டு, எடைபோட்டு வாங்குவார்கள். வாரம் முழுக்கக் காத்திருந்த குழந்தை அந்தப் பெட்டிகளின் முன் நிற்கும்போது எதை விடுவது, எதை எடுப்பது என்று படும் பாடு இருக்கிறதே!

இந்த இனிமையான வழக்கத்துக்குப் பின்னால் இருப்பது கசப்பான கதை. 1940-களிலும் 50-களிலும் லுண்ட் நகரத்தின் வீப்பெஹோல்ம் என்ற காப்பகத்தில், அறிவுத்திறன் குறைபாடுள்ளவர்களுக்கு, அவர்கள் ஒப்புதல் இல்லாமலே, பல்லில் ஒட்டும் டாஃபியைக் கொடுத்துச் சோதனை நடத்தினார்கள். பலருடைய பற்கள் பாழாயின. இன்று அதை யாரும் நியாயப்படுத்துவதில்லை. ஆனால் அதில் கிடைத்த முடிவு பல் மருத்துவத்தில் நிலைத்துவிட்டது: எவ்வளவு சர்க்கரை என்பதைவிட, ஒட்டும் இனிப்பை எத்தனை தடவை, சாப்பாட்டுக்கு நடுவே தின்கிறோம் என்பதே பல்லை அதிகம் கெடுக்கிறது. சர்க்கரை வாயில் பட்டதும் பல்லைச் சுற்றி அமிலம் கூடும். பழைய நிலைக்குத் திரும்ப அரைமணி முதல் ஒரு மணி நேரம் வரை ஆகலாம். அதற்குள் அடுத்த கடி விழுந்தால் பல்லுக்கு ஓய்வே இல்லை. ஆக, நாள் பூராவும் ஒவ்வொன்றாக மெல்வதைவிட ஒரே நாளில் தின்று தீர்ப்பது பல்லுக்கு மேல்.

பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

பல்லுக்கு ஸ்வீடன். ராத்திரி வீட்டோடு உட்கார்ந்து ஒழுங்காகச் சாப்பிட வேண்டும் என்றால் பிரான்ஸ். ஐந்து வயதுக்குள் இருக்கும் குழந்தையின் உடம்புக்கு ஜப்பான். பயணம், மருத்துவமனைக் காத்திருப்பு, காய்ச்சலிலிருந்து தேறும் நாட்கள் என்று ஒழுங்கு குலையும் நேரத்துக்கு அமெரிக்கா.

நச்சரிப்பு விஷயத்தில் ஸ்வீடன் முறைக்கு ஒரு கூடுதல் பலம் உண்டு. மறுப்பது அம்மா இல்லை, நாள்காட்டி. நாள்காட்டியிடம் யார் அழுது காரியம் சாதிக்க முடியும்? ஆனால் இதை அடியோடு தடை என்று புரிந்துகொண்டு விடக்கூடாது. ஃபிஷர், பெர்ச் என்ற ஆய்வாளர்கள் 1999-இல் வெளியிட்ட சோதனைகளில், ஒரு தின்பண்டத்தைக் கண்ணெதிரே வைத்துத் தொடவிடாமல் கட்டுப்படுத்தியபோது குழந்தைகளுக்கு அதன் மேல்தான் கண் போனது. "சனிக்கிழமை உண்டு" என்பதற்கும் "கிடையவே கிடையாது" என்பதற்கும் குழந்தைக்கு நன்றாகவே வித்தியாசம் தெரியும்.

இவற்றில் ஒன்றை மட்டும் பிய்த்து எடுத்து நம் வீட்டில் ஒட்ட முடியாது. ராத்திரிச் சாப்பாடு எத்தனை மணிக்கு என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. நார்வேயில் முக்கியச் சாப்பாடே நாலு, ஐந்து மணிக்கு முடிந்துவிடும், தூங்கும் முன் ஒரு ரொட்டி. அங்கே பெரிய மாலைத் தீனிக்கு வேலையே இல்லை. ஸ்பெயினில் ஒன்பது மணிக்குத்தான் சாப்பாடு என்பதால் ஐந்தரை மணித் தீனி இல்லாமல் குழந்தை தாங்காது.

ஒரே தெருவில் அடுத்தடுத்த வீடுகளுக்குள்ளும் இதே அளவு வேறுபாடு இருக்கும். பெற்றோர் ஏழு மணிக்கு வீடு திரும்புகிற குடும்பத்தில் தீனி என்று தனியாக ஒன்று தேடுவதைவிட, ராத்திரிச் சாப்பாட்டில் பாதியை ஐந்தரை மணிக்கே கொடுத்துவிடலாம். எல்லாரும் உட்காரும்போது மீதி. பெரியவனுக்குப் பன்னிரண்டு, சின்னவளுக்கு இரண்டு என்றால் ஒரே சட்டம் செல்லாது. அவளுக்குக் காலையில் ஒரு தடவை கூடுதலாக வேண்டும், அவனுக்கு அளவு கூடுதலாக வேண்டும். ஒன்பது மாதம் முதல் இரண்டு வயது வரை மூன்று, நான்கு வேளை உணவோடு தேவைக்கேற்ப ஒன்று, இரண்டு தீனி என்பது உலக சுகாதார அமைப்பின் பரிந்துரை. அந்த வயதில் பிரெஞ்சுக் கறார் பொருந்தாது.

தாத்தா பாட்டி இருக்கும் வீட்டில் சண்டை பெரும்பாலும் தீனி எது என்பதில்தான் தொடங்கும். "ஒண்ணே ஒண்ணுதானே கொடுத்தேன்" என்பார்கள். அவர்களுக்கு அது பாசம், கலோரி இல்லை. பண்டத்தைப் பற்றி வாதாடுவதை விட்டுவிட்டு நேரத்தை மட்டும் பேசி முடிப்பது நல்லது. மாலைத் தீனியைக் கொடுக்கும் பொறுப்பே பாட்டியுடையது, ஆனால் அந்த ஒரு நேரம்தான். கொடுக்கும் சந்தோஷம் அவருக்குக் கிடைக்கிறது, ராத்திரிப் பசியும் மிஞ்சுகிறது.

மூன்று வயது தாண்டிய குழந்தைக்கு நான் தேர்ந்தெடுப்பது பிரெஞ்சு நேரம், ஜப்பானியத் தட்டு, ஸ்வீடன் சனிக்கிழமை. அமெரிக்கப் பொட்டலம் ஒன்று பைக்குள் இருக்கட்டும், ரயில் தாமதமாகும் நாளுக்கு. முழுக் கொட்டைகளையும் முழுத் திராட்சையையும் மட்டும் அதில் போட வேண்டாம். சின்னக் குழந்தைகளின் தொண்டையில் சிக்குபவை அவை, அதுவும் ஓடும் வண்டியில், நம் கண் சாலையில் இருக்கும்போது.